சாவி சரி

செந்தூலில் ஒரு லோரி கம்பெனி.
பதினொரு லோரி, ஏழு கணினி,
மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில்
ஒரு சர்வர்.
அதன் தலையில் யாரோ மிலோ டின்னை வைத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து பில் போட வேண்டும், அவ்வளவுதானே என்று
போன வருஷம் எவனோ கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான்.
திறந்தது திறந்தபடியே.
நான் வந்த முதல் ராத்திரி பதிவைப் பார்த்தேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டல்கள்.
அட்மின், அட்மின், டெஸ்ட், அட்மின்,
பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரிலிருந்து
ஒரே ஒரு முறை, மரியாதையாக,
பாஸ்.

இத்தனைக்கும் கடை வாசலில் மூன்று பூட்டு,
இரும்புக் கிராதி, சங்கிலி,
போதாததற்கு ஓர் எலுமிச்சம்பழம்.

அடைத்தேன்.
அடைத்துவிட்டு ஒரு சுரங்கம் போட்டேன்.
சுரங்கம் என்றதும் முதலாளி தணிகைவேல்
மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.
"எங்க தோண்டின?"
எங்கேயும் இல்லை, முதலாளி.
இங்கிருந்து உங்கள் ரவாங் வீடு வரை
நீங்கள் பேசுவது இதற்கு மட்டும் புரியும்.
நடுவில் காது வைக்கிறவனுக்கு
தகரக் கூரையில் மழை.

கைப்பேசியில் ஆறு எண்கள் வரும்,
அரை நிமிஷத்தில் செத்துப்போகும்,
யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன்.
தலையாட்டினார்.
மறுநாள் காலை ஸ்பீக்கரைப் போட்டு
எதிர்க்கடை நாசி லெமாக் வரிசை முழுக்கக் கேட்க
மகனுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.
நாலு. ஒன்பது. ஒன்பது.
என்னடா, அதுக்குள்ள போயிடுச்சா?

வியாழன் விடிகாலை மூன்று நாற்பதுக்கு
வேறு மாதிரி ஒரு தட்டல்.
பெயர்: இரஞ்சிதமலர்.
கடவுச்சொல் சரி.
வழி இல்லை என்று சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது.
ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும்.
பிறகு இல்லை.

கணக்குப் பிரிவு, மார்ச்சில் நின்றுவிட்டவள்.
பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன்,
எல்லாரும் தூங்குகிற அதே நேரம்,
ஆறேழு நிமிஷம்.
வாடிக்கையாளர் பட்டியலைத் தொடவில்லை.
எதையும் இறக்கவில்லை, அழிக்கவில்லை.
ஒரே கோப்பு.
மெதுவாக, ஒரு பக்கம், அடுத்த பக்கம்.
கையால் எழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

அதை நான் திறந்திருக்கக் கூடாது.
என் ஒப்பந்தத்தில் அது இல்லை.
ஊழியர் சேமநிதி.
சம்பளத்தில் பிடித்தது, ஒவ்வொரு மாதமும், சென் சுத்தமாக.
கட்டியது என்ற கட்டத்தில்
பதினாலு மாதம் ஒன்றுமில்லை.
அவளுக்கு மட்டுமல்ல.
லோரி ஓட்டுகிற பதினொரு பேருக்கும்.

"யாராச்சும் உள்ள வந்தாங்களா?"
தே தாரிக் பொட்டலத்தில் முடிச்சை அவிழ்த்தபடி கேட்டார்.
வெளியாள் யாரும் வரவில்லை என்றேன்.
பொய்யா அது, எனக்கே தெரியவில்லை.
பட்டியலில் அவள் பெயரை எடுத்தேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ரசீதில் ஒரு வரி சேர்த்தேன்:
எல்லாக் கோப்புக்கும், எல்லாப் பதிவுக்கும்
வெளியிடத்தில் நகல், தினமும்,
ஏழு வருஷம் அழிக்க முடியாது.
"ஏழு வருஷமா? எதுக்கு?"
சட்டம், முதலாளி.
விலை மட்டும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

இன்றைக்குச் செவ்வாய்.
வங்சா மாஜு அடுக்குமாடியில், பதினாறாவது மாடியில்,
மடிக்கணினி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்று முப்பத்தொன்பது.
மூன்று நாற்பது.
இப்போது பெயரும் தெரியாது என்கிறது சர்வர்.
நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது.

பழைய ஊழியர் பட்டியலில்
அவள் கைப்பேசி எண் இருக்கிறது.
பத்து இலக்கம்.
அரை நிமிஷத்தில் சாகாதது.