பூட்டிய அச்சு

போன மே மாதம், கணவாய்க்குக் கீழே,
உருகிய பனி சேறாய்க் கிடந்த வளைவில்
இடது முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
வலது சக்கரம் கெட்டி மண்ணில்,
அழைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்டவர் போல
அசையாமல் நின்றது.

பற்சக்கரப் பெட்டியின் நியாயம் அப்படி:
வழுக்குகிறவனுக்கே எல்லாச் சுழற்சியும்.
காலூன்றியவனுக்கு ஒன்றுமில்லை.
நான் மிதிக்க மிதிக்க
தன் குழியைத் தானே தோண்டியது வண்டி.

மேலே, கூடாரங்களுக்குப் பின்னால்,
யாக் பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது.
மருந்துப் பையோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது
ஜெங்கிஷின் மகன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்,
அதைத்தான் குடிக்க முடியவில்லை.

அக்டோபரில் இரண்டு ஆடுகளை விற்று
மெல்ஸின் கொட்டகைக்குப் போனேன்.
நான்கு தலைவர்களின் முதலெழுத்தைக் கோத்து
அப்பா வைத்த பெயர்;
இவர் கியர் ஆயிலைத் தவிர எதையும் நம்புவதில்லை.
பழைய ராணுவ வண்டியின் முன் அச்சு ஒன்று
பச்சை பெயிண்ட் உரிந்து கிடந்தது.
மேலே கோழிகள் அடைந்திருந்தன.
விரட்டினார். கழுவினார். பிரித்தார்.
உள்ளே ஒரு பூட்டு வைத்தார்:
ஒரு பொத்தான், கொஞ்சம் காற்று,
இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு.

பற்கள் எங்கே கடிக்கின்றன என்று பார்க்கச்
சாயம் வேண்டும் என்றார்.
நாரின் நகரக் கடை எதிலும் இல்லை.
கைப்பையைத் துழாவி
உதட்டுச்சாயத்தை நீட்டினேன்.
தங்கை கல்யாணத்துக்கு பிஷ்கெக்கில் வாங்கிய சிவப்பு.
பல் பல்லாகத் தடவி, கையால் சுற்றி,
விளக்கைத் தாழ்த்தினார்.
"ஓரத்தில் கடிக்கிறது."
மெல்லிய தகடு ஒன்று. மறுபடி.
இன்னொன்று.
நான்காம் முறை
நடுவில் விழுந்தது முத்தம்.

"பூட்டினால் நேராகத்தான் போகும்,
வளைவில் அவிழ்த்துவிடு" என்றார்.
தலையாட்டினேன்.
முதல் பனியில் மறந்தேன்.
இரண்டு சக்கரமும் ஒரே மனதாய்
என்னைப் பள்ளத்தின் விளிம்புக்கு இழுத்துப் போயின.
ஒரு மைல்கல் தடுத்தது.
பம்பரில் இன்னும் இருக்கிறது
அதன் வெள்ளை.

இந்த மே. அதே வளைவு.
அதற்கு முன்னாலேயே நிறுத்தி
பொத்தானை அமுக்கினேன்.
அடியில் எங்கோ ஒரு 'டக்'.
ஆடு ரெண்டும் அந்தச் சத்தத்தில் இருந்தன.

இறங்கப் பார்த்தால்,
போன வருடம் என் சக்கரம் தோண்டிய குழி
குட்டையாகியிருந்தது.
முன்னங்கால்களை அகட்டி
ஒரு குதிரைக்குட்டி நீர் குடித்தது.
தாய் பாதையை அடைத்து நின்று
என்னைப் பார்த்தது.

ஹாரன் அடிக்கலாம்.
எஞ்சினை அணைத்தேன்.
மேலே இன்று யாருக்கும் பேறுகாலமில்லை,
வெறும் தடுப்பூசி.
ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன்,
குளிர்ச்சி இருக்கிறது.
குட்டி தலைநிமிர்ந்து, மூக்கை உதறி,
மறுபடி குனிந்தது.