பனிக்கு ஒரே சொல்

மணாலி டிக்கெட்டை ரத்து செய்ததில்
நாலாயிரத்து இருநூறு திரும்பி வந்தது.
திரும்பாமல் நின்றவை
சேவுகனுக்கு பேங்கில் கிடைத்த ஆறு நாள் லீவு,
தமுக்கம் பக்கம் சுவெட்டர்க்காரியிடம்
பேரம் பேசி வாங்கிய இரண்டு குரங்குக் குல்லாய்,
"பனியைக் கையால தொடணும் தமயந்தி" என்று
ஆவணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த வாய்.

ஆடியில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள்.
உயரம் வேண்டாம் என்றார் டாக்டர்.
எத்தனை அடி வரைக்கும் சார், என்று கேட்டான்.
சமணர் மலை ஏறுங்க, போதும்.
அவர் சிரிப்புக்குச் சொன்னது.

கீழக்குயில்குடியில் இறங்கும்போது ஐந்தே முக்கால்.
தாமரைக் குளத்தின் மேல்
ஒரு முழ உயரத்துக்கு ஆவி நின்றது.
வானத்திலிருந்து கொட்டுவதும் பனி,
புல் நுனியில் நிற்பதும் பனி,
தமிழுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றேன்.
சமாதானம் சொல்கிறாயாக்கும் என்றான்.

பாறையில் வெட்டிய படி.
இருபதுக்கு ஒருமுறை நின்றான்.
நாகமலையைப் பார் என்றான்.
காளவாசல் பக்கம் விளக்கு அணைவதைப் பார் என்றான்.
மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு மனுஷனுக்கு
இத்தனை காட்சி வேண்டியிருக்கிறது.
நான் பார்த்தது
அவன் கழுத்தெலும்புக் குழி
ஏறி இறங்குவதை.

பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக நின்றார்கள் கல்லுக்குள்.
"பட்டினி கிடந்தே போனவங்க.
ஒருத்தருக்கும் அடைப்பு வந்திருக்காது"
என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு
ஆலமரத்தடிக் கடைக்கு வேகமாக இறங்கினான்.
பணியாரம் ஆறு என்றான்.
நாலு என்றேன்.
கடைக்காரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்து
ஐந்து வைத்தாள்.

மறுநாள் மழை. மிளகு ரசம்.

அழகர்மலையில்
குரங்குக் குல்லாயைக் குரங்கே கொண்டுபோனது.
மரத்தின் மேல் உட்கார்ந்து
உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து
தலையில் வைக்காமல் கடித்தது.
அந்தக் கூத்தில் மூச்சு வாங்குவதை மறந்து
நூபுர கங்கை வரைக்கும் நடந்துவிட்டான்.
இறங்கி வந்து கோயில் தோசை.
விரல் தடிமன், மிளகு, உளுந்தின் கருப்புத் தோல்,
காகிதம் ஊடுருவிய நெய்.
"பிரசாதத்துக்கு கொலஸ்ட்ரால் கிடையாது."
அதற்கு நான் என்ன சொல்ல?
முக்கால்வாசியை நானே தின்றேன்,
பக்தியால் அல்ல.

சிறுமலைக்குப் போனது வெள்ளிக்கிழமை.
பதினெட்டு வளைவு, முன்சீட்டில் ஒரு பையன் வாந்தி,
பழையூரில் இறங்கினால் ஊரே இல்லை.
வாழைத் தோப்பு, டீக்கடை, நாய் எல்லாம்
குரலாக மட்டும் இருந்தன.
பத்தடி முன்னால் போனவனைக் காணோம்.
கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
ஆறு மாதமாக ராத்திரியில்
அவன் மூக்கருகே புறங்கையை வைத்து
பார்த்துப் பார்த்து எடுத்தவள் நான்.
இருளில் ஒரு சின்னச் சூடு படும், அவ்வளவுதான்.
இன்னொரு தடவை கூப்பிட்டேன்,
ஊரறியப் பெயர் சொல்லி.

வெள்ளைக்குள்ளிருந்து வந்தான்.
வாயைத் திறந்து ஹா என்று ஊதினான்.
புகை.
திரும்ப ஊதினான், பெரிதாக.
"இந்தா பாரு, மணாலி."
எவ்வளவு தூரம் போகிறது அந்த மூச்சு,
எப்படிச் சுருண்டு
என் கண்ணாடியில் வந்து படிகிறது.
துடைக்கவில்லை.
வாழையிலையில் நின்றதை உள்ளங்கையில் வழித்து
என் கழுத்தில் வைத்தான்.
பாவி, அப்படியொரு சில்லிப்பு.

இரவு ஆரப்பாளையத்தில் இறங்கி
அரைக் கறிதோசை கேட்டோம்.
முழுசாத்தான் போட முடியும் என்றார் மாஸ்டர்.
கறி அதிகம் இருந்த பாதியை
என் பக்கம் தள்ளிவிட்டு
சால்னாவை மட்டும் இரண்டாம் தடவை கேட்டான்.
நான் கவனிக்காதது மாதிரி
மிச்சமிருந்த ஒற்றைக் குல்லாயை மடித்துக்கொண்டிருந்தேன்.

லீவு இன்னும் ஒரு நாள் இருந்தது.