டவுன்

"சர்வர் டவுன்" என்றேன்.
தார்ப்பாய் ஓரத்தில் செங்கல்லை வைத்துவிட்டு
உத்திராபதி கேட்டார்:
"எந்த டவுனு? திருத்துறைப்பூண்டியா?"

தலைஞாயிறு கொள்முதல் நிலையத்தில்
சிரித்தது நான் ஒருத்திதான்.
மற்றவர்கள் மேகம் பார்த்தார்கள்.

ஈரப்பதம் பத்தொன்பது.
பதினேழுக்கு டவுன் ஆனால்தான் தராசு ஏறும்.
காலையிலிருந்து இதே சொல்தான்:
கச்சனம் வளைவில் லாரி பிரேக் டவுன்,
விலை டவுன் என்றான் பைக்கை அணைக்காத வியாபாரி,
சுமை தூக்கும் மாசிலாமணிக்கு சுகர் டவுன்,
டீக்கடைச் சீனியை
உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷில் அது கீழே போகிற சொல்.
எங்கள் வாய்க்கு வந்ததும்
நின்றுபோகிற சொல்.

போவதற்கு எங்களிடம் வேறு இருக்கிறது.
இறங்கு என்றால் பஸ்ஸிலிருந்து, சேற்றில், சண்டைக்கு.
காய்ச்சல் இறங்கும். சாமி இறங்கும்.
நேற்று ராத்திரி உத்திராபதிக்குச் சோறு இறங்கவில்லை.
வடி என்றால் கஞ்சி, காது, கண், வயல்.
சாய் என்று மட்டும் அறுப்புக்கு முன்னால்
அவர் வீட்டில் சொல்லமாட்டார்கள்.
பயிர் காதில் விழுந்துவிடுமாம்.

அப்புறம் கீழ்.
கிழக்குக்கு அதுதான் வேர்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
மதகு மதகாய்க் குறைந்து
அரிச்சந்திரா நதியில் எங்களிடம் வரும்போது
கணுக்கால் உயரம்.
ஐப்பசியில் மட்டும்
மேற்கே உள்ள எல்லார் வெள்ளமும் எங்களுக்கே.

நான் கீழத்தெரு.
அது திசைதான் என்றார் தமிழ் டீச்சர்.
தண்ணீர்ச் சொம்பை எட்ட நின்று நீட்டுகிறவர்கள்
திசை பார்த்து நீட்டுவதாகத் தெரியவில்லை.
பட்டியலில் தெருப்பெயர் தட்டும்போது
உத்திராபதிக்கு மேல,
மாசிலாமணியின் குத்தகை அரை ஏக்கருக்குக் கீழ.
இரண்டே எழுத்து வித்தியாசம்.
சர்வர் இரண்டையும் ஒரே வேகத்தில் வாங்கும்,
வாங்குகிற நாளில்.

ஐந்தேகாலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.
"வந்திருச்சு" என்றேன்.
அப் என்று இங்கே யாரும் சொல்வதில்லை;
போனது வரும், அவ்வளவுதான்.
"டவுனுக்குப் போனது வந்துட்டுதா" என்றார் உத்திராபதி,
இந்தத் தடவை தெரிந்தே.

கருவியில் ஒரு பிடி நெல் போட்டேன்.
எண் ஓடி நிற்பதற்குள்
தகரக்கூரையில் முதல் சொட்டு.

மூட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு.
தார்ப்பாய் நாலு.
மாசிலாமணி ஒரு முனை, உத்திராபதி ஒரு முனை.
நான் செங்கல் தேடி ஓடினேன்.