ஏழு மணிக்குத்தான் திறக்கும்

விவாகரத்தில் எலாடியோவுக்கு வீடு,
பால்கனி, பால்கனியிலிருந்து தெரியும் பூங்கா.
எனக்கு அவன் அப்பாவின் டீசல் பெஜோ,
எண்பத்தாறாம் வருஷத்து வண்டி.
சிரிப்பை அடக்க வக்கீல்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மாட்ரிட் அதை உள்ளே விடாது.
கேமரா பிடித்து
படத்தோடு அபராதச் சீட்டு அனுப்பும்.
நம்பர் பிளேட் பளிச்சென்று இருந்தது,
என் முகம்தான் தெரியவில்லை.
மூன்றாவது சீட்டு வந்த வாரம்
வண்டிக்கு ஆகிற ஊராகத் தேடினேன்.

அல்மாசான்.
பாலத்துக்குக் கீழே துவேரோ ஆறு, மேலே குளிர்.
வீட்டு வாடகை,
நகரத்தில் கட்டிய பார்க்கிங்கை விடக் கொஞ்சம்தான் கூட.
கோர்ட் தீர்ப்புகளில் பிழை திருத்துகிறவளுக்கு
எந்த ஊராயிருந்தால் என்ன.

இங்கே சாவியைத் திருப்பினால் தெருவுக்கே தெரியும்.
"நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு வந்தீங்க போல"
என்பார் மருந்துக்கடைக்காரர்.
நான் இருமினாலும்
வண்டியைத்தான் விசாரிப்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள், விடிகாலை நாலு மணி.
இரண்டு பெட்டியையும் பின்சீட்டில் போட்டேன்.
போதும்.
சாவியைப் பாதி திருப்பி
சுருள் விளக்கு அணையும்வரை எண்ணினேன்.
இருபது. முப்பது.
மைனஸ் பதினாலில்
டீசல் நெய்யாய் உறைந்து கிடந்தது.
வண்டி முக்க முக்க
ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சளாயிற்று.

எதிர்வீட்டு ஃபெர்மின்,
பைஜாமாவுக்கு மேலே கோட்டு, கையில் கெட்டில்.
ஒன்றும் கேட்காமல் பானெட்டைத் திறந்து
ஃபில்டருக்குத் துணி சுற்றி
வெந்நீரை ஊற்றினார்.
பின்சீட்டை ஒருமுறை பார்த்தார்.
வண்டி உதறிக்கொண்டு எழுந்தது.

அப்புறம்தான், "எங்கே?"

"ரொட்டி வாங்க."

கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும்.
அது அவருக்கும் தெரியும்.
"அப்படியே எனக்கும் ஒண்ணு" என்று
காலிக் கெட்டிலோடு உள்ளே போனார்.

மாட்ரிட் என்று அம்பு போட்ட பலகைவரை போனேன்.
பொய் சொன்ன வாய்
ரொட்டிக்கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தது.
வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் கிளம்பாது.

ஷட்டரைத் தூக்கிய பெண்
புகையைக் கையால் விசிறிக்கொண்டே
"எத்தனை மணி நேரமா நிக்கறீங்க?" என்றாள்.

"ரெண்டு" என்றேன்.

அவள் ரொட்டியை எண்ணிக் கொடுத்தாள்.