முழுப்பெயர்

எட்டு போட்டாயிற்று, கால் ஊன்றாமல்.
இன்ஸ்பெக்டர் தலைகூட நிமிரவில்லை,
பச்சை மையில் ஒரு கிறுக்கல்.
வண்டி கவிழாததற்கு அவ்வளவுதான் மரியாதை.

கவிழ்ந்தது உள்ளே, மூன்றாம் கவுன்ட்டரில்.
ஆதாரில் நான் கா. ஒச்சம்மாள்.
பள்ளிச் சான்றிதழில் ஓச்சம்மாள், நெடில்.
ரேஷன் கார்டில் இன்னொருத்தி,
அவளுக்கு என்னைவிட நாலு வயது கூட.
"மூணு பேரும் நீதானாம்மா?"
கேட்டவர் சிரிக்கவில்லை. நானும்.

புள்ளி வைத்த எழுத்து இனி ஆகாதாம்,
விரித்து எழுதணுமாம்.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி
உசிலம்பட்டி தாலுகா ஆபீசுக்கு ஆறு நடை,
நோட்டரிக்கு முந்நூறு,
ஒரு 'கா'வுக்குள் கிடந்த ஆளை
வெளியே இழுத்துவர.

எனக்கு ஏழு வயதில்
லாரி ஏறிப் போனவர் அவர்.
வேட்டியைக்கூட கொடியில் விட்டுவிட்டு
லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு.

படம் பிடிக்கும் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்:
"காசிமாயன்! யாருங்க காசிமாயன்?"
சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.
டீ வாளியோடு ஒரு பையன்,
ஹெல்மெட்டைத் துடைத்தபடி ஒருவர்.
அவ்வளவுதான்.
மூன்றாம் தடவைதான் உறைத்தது,
கையைத் தூக்கினேன்.
"காது கேக்காதா? நேரா பாரும்மா."

அட்டை தபாலில் வந்தது.
இரண்டு பெயரும் ஒட்டி ஒரே வரியில்,
நடுவே புள்ளிகூட இல்லை.
படத்தில் கண் மட்டும் கொஞ்சம்
வாசல் பக்கம்.

பரவாயில்லை, செல்லுமாம்.
இருபது வருஷத்துக்கு.