ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

கரடிப்போக்குச் சந்தியில்
டயர்க்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
கீழே காற்றடிக்கும் மெஷின் விட்டுவிட்டு இரைய
நானும் குகவதனியும்
உர மானியப் பட்டியலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம்.
முப்பத்தோராயிரம் கமக்காரர்.

பதினெட்டு வருசமாய் இதுதான் தொழில்.
ஏஐயிடம் வேலை வாங்க எனக்கு வெட்கமில்லை.
தவறிய காற்புள்ளியைத் தேட,
சோதனைகள் எழுத,
என் கண்ணைவிட அது கெட்டி.
இன்றைக்கும் கேட்டேன்: இரட்டைப் பதிவு உண்டோ?

தேத்தண்ணி ஆறமுதல் பதில்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரே பெயர், ஒரே தகப்பன், ஒரே பிறந்த திகதி.
அழிக்கும் கட்டளையையும் எழுதி
மடித்துவைத்த சேட்டுப்போலக் கீழே வைத்திருந்தது.
வரிவரியாய் வாசித்தேன். பிழையில்லை.
நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்,
வேறெந்த ஊரிலும்.

ஜனவரி ஒன்று.
ஜனவரி ஒன்று.
ஜனவரி ஒன்று.
உருட்ட உருட்ட அதே நாள்.

பத்திரமெல்லாம் துலைந்து வந்த சனத்தை
முகாமில் வரிசையாய் நிற்கவைத்து
யாரோ ஒரு லிகிதர் கேட்டிருப்பார்,
பிறந்த நாள் தெரியுமோ அம்மா?
தெரியாதவைக்கு
வருசத்தின் முதல் நாளைக் கொடுத்திருப்பார்.
விலாசமும் எல்லாருக்கும் ஒன்று: வலயம் நான்கு.
அந்த வரிசைக்கு
எங்கள் அட்டவணையில் நிரல் இல்லை.

இவர்கள் வேறுவேறு ஆட்கள் என்று தட்டினேன்.
நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும் என்றது.
சும்மா சோதிக்க
இல்லை, ஒரே ஆள்தான் என்றேன்.
அதற்கும் நான் சொல்வது சரி.

குகவதனி சிரித்தாள்.
"உன்ர மனுசன்கூட இப்பிடி ஒத்துக்கொள்ளாது."

அழிக்கும் உரிமையை அதனிடமிருந்து எடுத்தேன்.
என்னிடமிருந்தும் எடுத்தேன்,
பின்னேரக் களைப்பை நான் நம்புவதில்லை.
பிறகு அதையே கேட்டேன்:
ஊர்வாரியாகப் பிரி,
பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விடு,
போய்க் கேட்டுவிட்டுப் பேனையால் நிரப்ப.
நாலு நிமிசத்தில் எழுதித் தந்தது.
நாற்பது நிமிசம் நான் வாசித்தேன்.

முதல் வரி:
பொன்னுப்பிள்ளை, தகப்பன் வேலாயுதர், விசுவமடு.
இரண்டாம் வரியும் அதுவே.
இருந்தது ஒரு தொலைபேசி இலக்கம்.
அடித்தேன்.
பின்னால் கோழிகள், ஒரு றேடியோ,
ஒரு பெடியன் கத்துகிறான்:

"எந்தப் பொன்னுப்பிள்ளை?
வாய்க்கால்காரியோ, மேட்டுக்காணியோ?"