ஒட்டுத்தாள்

ஒஸ்த்ராவா நகராட்சியில்
இலோங்காவின் கோப்பு
தடித்துக்கொண்டே போகிறது.

'ஜிப்சி' என்ற தாளின் மேல்
'ஜிப்சி வம்சாவளிக் குடிமக்கள்'.
அதன் மேல் 'ரோமா'.
போன மாதம் ஒட்டியது
'சமூக விலக்கத்துக்கு உள்ளானோர்'.
பசை இன்னும் காயவில்லை.

நல்ல சொல்தான்.
நீளம். யாரையும் குத்தாது.
சொல்லும் முன் எழுத்தர் மிலோஸ்லாவா
கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறாள்.
அம்மா காலத்து எழுத்தரும்
இதே இடத்தில்தான் தாழ்த்தினார்.

வீட்டுக்காரர் மட்டும்
சொல்லை மாற்றவே இல்லை.
போனில் பெயரைக் கேட்டதும்
"நேற்றே வாடகைக்குப் போய்விட்டதே."

முகவரி என்ற கட்டத்தில்
ஐந்தாவது வருடமாகக்
கோடு போடுகிறாள் இலோங்கா.
அதன் மேல் யாரும்
எதையும் ஒட்டுவதில்லை.